பட்டரவாக்கம் வருவதற்குள் ஒரு வளைகாப்பு

1

எங்கள் நூலகத்தின் ஆண்டு விழாவுக்கு இந்த முறை ஒரு கண்ணாடிப் பேழையை என் பொறுப்பில் விட்டார்கள். இடுப்பு உயரம், உள்ளே சின்ன விளக்கு, பூட்டு, சாவி. இத்தனை வருடமும் அங்கே தேநீர் போட்டு, புத்தகம் அடுக்கி, மழையில் நனைந்து வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தவள் நான். சாவியைக் கையில் வாங்கியதும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவர் சேகரிடம் காட்டினேன்.

"இன்னா புனிதா, பேங்க் லாக்கரா?" என்றார்.

நாங்கள் இருப்பது ஷெஃபீல்டில். கத்தியும் ஸ்பூனும் செய்த ஊர். அம்பத்தூர் எஸ்டேட் என்ற தொழிற்பேட்டையில், கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்த சேகருக்கு இங்கே ஒரு பட்டறையில் வேலை கிடைத்து வந்தோம். வந்த புதிதில் பேருந்து ஓட்டுநர் எனக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "தேங்க்யூ லவ்" என்றார். நான் விறைத்துப்போய், பின்னால் நின்ற சேகரைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்து ஏறிய சேகருக்கும் அதே 'லவ்' கிடைத்தது. இந்த ஊரில் காய்கறிக்காரர், தபால்காரர், டாக்டர் எல்லோருக்கும் நாம் 'லவ்'தான் என்று புரிய கொஞ்ச காலம் பிடித்தது.

நான் போகிற இடம் பெண்கள் வரலாற்று நூலகம். பழைய ஸ்பூன் பட்டறை ஒன்றின் மாடியில் இருக்கிறது. புத்தகங்கள் பாதி. மீதி, பெண்கள் எழுதிய கடிதங்கள், போராட்டத்துக்குத் தூக்கிய பதாகைகள், யாரோ ஒருத்தியின் சமையல் குறிப்பு, இன்னொருத்தியின் தொழிற்சாலைத் தொப்பி. செவ்வாய்க்கிழமை பின்னல் குழு கூடும். வியாழக்கிழமை, புதிதாக இந்த நாட்டுக்கு வந்த பெண்களுக்கு ஆங்கில வகுப்பு. வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் சூப்பு. நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவள்தான். ஆங்கிலம் வந்த பிறகும் சூப்புக்காகப் போய், அப்படியே தன்னார்வலர் ஆகிவிட்டேன்.

சேகரிப்புக்குப் பொறுப்பு ஹெலன். நல்ல பெண், கறார்ப் பேர்வழி. யார் எந்தப் பொருளைக் கொண்டுவந்தாலும் முதலில் கேட்பது, "இதை வைத்திருந்தவர் பெயர் என்ன?" பழைய போட்டோவின் பின்பக்கம் 'பெயர் தெரியாத பெண்' என்று யாராவது எழுதியிருந்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த ஆண்டு விழாவின் தலைப்பு, 'பெண்கள் கூடிய இடங்கள்'. ஒருத்தி சலவைக்கூடத்தை எடுத்துக்கொண்டாள், ஒருத்தி தேவாலயச் சமையலறையை. என்னைக் கேட்டதும் யோசிக்காமல் சொன்னேன்: "ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்ட்."

"அருமை. பேழைக்குள் என்ன வைப்பாய்?" என்றாள் ஹெலன்.

அங்கேதான் இடித்தது. அந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் வாயால் சொல்ல எவ்வளவோ இருந்தது. கையால் தொட ஒன்றுகூட இல்லை. மார்ச் கடைசிக்குள் பொருள் வராவிட்டால் பேழை பின்னல் குழுவுக்குப் போய்விடும் என்று ஹெலன் சொல்லிவிட்டாள். போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் மான்செஸ்டரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் யாழினி, திறப்பு நாளன்று வருவதாகச் சொல்லியிருந்தாள். ஞாயிறுதோறும் போன் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பின்னணியில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருக்கும். அவளாக என் விஷயம் ஒன்றைப் பார்க்க வருவது அதுதான் முதல் தடவை. அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்னல் கம்பளியைக் காட்ட எனக்கு மனமில்லை.

2

கல்யாணமான புதிதில் ஆவடியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. நான் எஸ்டேட்டில் ஸ்விட்ச் செய்யும் கம்பெனியில் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். தினமும் காலையில் ஆவடியில் ஏறி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் தாண்டி, பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடப்போம். லேடீஸ் பெட்டியில் யாருக்கு எங்கே உட்கார இடம் என்பதை அமுதாக்கா தீர்மானிப்பார். பட்டாபிராமிலேயே ஏறி, புடவை முந்தானையை விரித்து நான்கு பேருக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். என் கம்பெனியிலேயே எனக்கு மூத்தவர். இப்போது ஆவடி மார்க்கெட்டில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஷகிலா, அப்போது எங்கள் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலையில் இருந்தாள்.

எனக்கு ஏழாம் மாதம். யாரும் செய்யப்போவதில்லை என்று தெரிந்ததால் வளைகாப்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆவடியில் வண்டி ஏறினால், ஜன்னலோர இடத்தில் ஒரு பட்டுத் துணி விரித்திருந்தார்கள்.

"ஒக்காருடி. டைம் இல்ல," என்றார் அமுதாக்கா.

அண்ணனூர் வருவதற்குள் கன்னத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தலையில் பூ வைத்தாகிவிட்டது. திருமுல்லைவாயிலில் வளையலை எடுத்தார்கள். அப்போது அமுதாக்காவைக் காணோம். பார்த்தால், நமக்கெதற்கு என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் நிற்கிறார். முகம் வெளியே பார்த்திருந்தது.

ஷகிலாதான் கத்தினாள். "இன்னாக்கா, அங்க போயி நின்னுகினு கீற? சீட்டு புட்ச்சி குடுக்க மட்டும் நீ வோணுமா? வா இப்டி. நீதான் மொதல்ல போடணும்."

"வோணாம்மே. நல்ல காரியம்."

"அதனாலதான் கூப்டுறேன்."

பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டார்கள். அமுதாக்கா வந்து என் கையைப் பிடித்தார். முதல் வளையலைப் போட்டதும் என் தலையில் கை வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "தே, அம்பத்தூர் வந்துட்ச்சி, சோத்த எடுங்கடி" என்றார். அவரவர் டிபன் பாக்ஸிலிருந்து புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் மூடியில் கொட்டி என் மடிக்கு வந்தது. அம்பத்தூரில் ஏறிய பெண்கள் ஒன்றும் புரியாமல் நின்று, புரிந்ததும் அவர்களும் ஆளுக்கொரு வளையல் போட்டார்கள். பட்டரவாக்கத்தில் வண்டி நிற்கும்போது வாயில் தயிர்சாதத்தோடு இறங்கி ஓடினோம். ஒரு ஈடு இட்லி வேகும் நேரத்துக்குள் எனக்கு வளைகாப்பு நடந்து முடிந்துவிட்டது. சந்தனம் காயாத கன்னத்தோடு நான் ஷிப்டில் நின்றேன். அதைவிட நிறைவான ஒரு நாள் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

யாழினி பிறந்ததும், பிரசவம் பார்த்த கைக்கு வளையல் போக வேண்டும் என்ற வழக்கப்படி, அத்தனையையும் கழற்றி ஆஸ்பத்திரி ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். போட்டோ எடுக்க அன்று யாரிடமும் கேமரா கிடையாது. ஆக, மிச்சம் ஒன்றும் இல்லை.

3

மிச்சம் ஒன்று இருந்தது: அமுதாக்காவின் டிபன் பாக்ஸ். மூடி நசுங்கி, கைப்பிடி ஒரு பக்கம் ஆடும். அந்த மூடியில்தான் எனக்குப் புளிசாதம் வந்தது. ஜனவரியில் ஊருக்குக் கிளம்பும் முன் போன் செய்தேன்.

"அக்கா, அந்தப் பழைய டிபன் பாக்ஸ் இருக்கா?"

"கீது. அத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போற?"

"எங்க லைப்ரரியில கண்ணாடிக்குள்ள வைக்கப்போறோம். எல்லாரும் வந்து பார்ப்பாங்க."

'எல்லாரும் பார்ப்பாங்க' என்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் வினை.

அமுதாக்கா இப்போது கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் மகன் வாங்கிய ஃபிளாட்டில் இருக்கிறார். காலையில் ஏரிக்கரையில் நடை, மாலையில் சீரியல், வாரம் ஒரு முறை ஷகிலாவோடு சண்டை. நான் போன அன்று ஷகிலாவும் ஆவடியிலிருந்து ஒரு பெரிய பையோடு வந்திருந்தாள். காபி குடித்து முடித்ததும் அமுதாக்கா உள்ளே போய், ஒரு டப்பாவைத் துண்டால் மூடி எடுத்து வந்தார். துண்டை விலக்கினார். புத்தம் புதிய டிபன் கேரியர். மூன்றடுக்கு. முகம் தெரியும் பளபளப்பு. மூடிக்கு நடுவில் குங்குமப் பொட்டு. அடியில் கடைக்காரர் மிஷினால் பொறித்திருந்த எழுத்து: 'புனிதாவுக்கு அன்புடன், லேடீஸ் பெட்டி.'

"எப்டி கீது?" என்றார், கண்ணெல்லாம் சிரிப்பாக.

"சூப்பரா இருக்குக்கா. பழசு எங்க?"

"பழசா? அத்த பாத்திரக்கடையில போட்டுதான இத்த எட்த்தாந்தேன். என்னுது, ஷகிலாவுது, ரெண்டும் சேத்து எக்ஸ்சேஞ்சுல போட்டோம்."

ஷகிலா பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள். "பின்ன இன்னா? வெள்ளக்காரன் ஊர்ல, கண்ணாடி பொட்டிக்குள்ள, நசுங்கிப்போன டப்பாவ வெப்பியா? நம்ப மானம் இன்னா ஆவறது?"

பொருள் பழசாக இருந்தால்தான் அங்கே மதிப்பு என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. வெளியூர் போகிற நம் வீட்டுப் பெண்ணுக்குப் பழைய பாத்திரத்தையா கொடுத்தனுப்புவார்கள்? அவர்கள் செய்தது அவர்கள் கணக்கில் நூற்றுக்கு நூறு சரி. இருந்தாலும் மறுநாள் விடிந்ததும் பாத்திரக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது உருக்கப் போயிட்ச்சேம்மா. இந்நேரம் வேற டப்பாவா வந்துகினு கீதோ இன்னாவோ."

திரும்பி வந்த என் முகத்தைப் பார்த்ததும் அமுதாக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"தப்பு பண்ட்டனாடி?"

"இல்லக்கா. நான்தான் சரியா சொல்லல," என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் என்னை உட்காரவைத்து, வளைகாப்பு அன்று செய்த மாதிரியே, தலையில் கை வைத்தார்.

இரவு அங்கேயே தங்கிவிட்ட ஷகிலா தன் பையைத் திறந்தாள். பை நிறைய வளையல். பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல், அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக, எல்லாம் புதுசு. "எல்லா சைசும் போட்டுகீறேன். வெள்ளக்காரிங்களுக்குக் கை பெர்சா இருக்கும்ல?" என்றாள்.

அன்று மாலை ஷகிலாவோடு ஆவடி வரை ரயிலில் போனேன். லேடீஸ் பெட்டியில் பாதிப் பேர் காதில் இயர்போன். ஒரு பெண் மடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை அறியாதவள் போல உட்கார்ந்திருந்த இன்னொரு பெண், திடீரென்று ஒரு பிடி கீரையை இழுத்து வைத்துக்கொண்டு தானும் ஆய ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

4

ஷெஃபீல்டில் திரும்ப வந்து இறங்குவதற்குள், விமான நிலையத்தில் ஒரு அதிகாரி என் பெட்டியைத் திறந்து, துண்டுகளுக்கு நடுவில் இத்தனை வளையலைப் பார்த்து, "விற்பதற்கா, பரிசா?" என்று கேட்டார். இரண்டுமில்லை, வரலாறு என்று வாய்வரை வந்தது. பரிசு என்று சொல்லித் தப்பித்தேன்.

ஹெலன் கேரியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புனிதா, விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது."

நடந்ததைச் சொன்னேன். ரயில், வளைகாப்பு, ஆயா, பாத்திரக்கடை, எல்லாவற்றையும். எக்ஸ்சேஞ்ச் என்ற இடம் வந்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடிக்க வயிறும் இருந்தது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதே கட்டடத்தில் ஸ்பூனுக்கு மெருகு போட்ட பெண்கள் மேலெல்லாம் அழுக்குப் படாமல் பழுப்புக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பார்களாம் என்றாள். சாயங்காலம் அதைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். அந்தக் காகிதம் ஒன்றுகூட எங்கள் நூலகத்தில் கிடையாது.

"ஆனாலும் புதுப் பொருளை என்னால் வாங்க முடியாது. இதோடு யாரும் இன்னும் வாழவில்லையே," என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். கேரியர் சமையலறைக்குப் போய், எங்கள் பிஸ்கட் டப்பாவாகிவிட்டது. வளையல் அட்டையை மூடப் போனபோது ஹெலன் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா நியூசிலாந்தில். துணைவருக்குக் கடலுக்கு நடுவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஒற்றையாக வந்து, ஒற்றையாக வேலை பார்த்து, ஒற்றையாகப் போகிறவள். எனக்கு அந்த ஜன்னலோர இடம் ஞாபகம் வந்துவிட்டது.

"ஹெலன், வியாழக்கிழமை சீக்கிரம் வா. காபி குடிக்காமல் வா," என்றேன்.

வியாழக்கிழமை கலந்த சாதம் ஐந்து வகை செய்தேன். தூக்க ஆள் வேண்டும் என்று யாழினியிடம் சொல்லிவைத்திருந்தேன். வேலை இருக்கிறது என்றிருந்தாள். ஆனால் நூலக வாசலில் பார்த்தால், மான்செஸ்டர் ரயிலைப் பிடித்து வந்து, குடையோடு நிற்கிறாள். ஆங்கில வகுப்புப் பெண்கள், பின்னல் குழு, எல்லோரும் கூடிவிட்டார்கள். சந்தனம் பூசுகிறபோதே, முன்பு அமுதாக்கா வாசலில் போய் நின்ற கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எங்கள் மூத்த தன்னார்வலர் மார்கரெட் எழுந்தார். கணவர் இறந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது.

"அப்படியானால் முதல் வளையலை நான் போடட்டுமா?" என்றார்.

ஷகிலாவின் பெரிய சைஸ் ஹெலன் கைக்குக் கச்சிதமாக இருந்தது. பிரசவமானதும் இது மருத்துவச்சி கைக்குப் போகும், அது எங்கள் வழக்கம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். ஹெலன் கையை ஆட்டி ஆட்டி வளையல் சத்தத்தைக் கேட்டாள். பிறகு உத்தியோகக் குரலில் அறிவித்தாள்: "இப்போது இதற்கு ஆளும் இருக்கிறது, நாளும் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் கழற்றிப் பேழையில் வைப்போம்." எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

போகும்போது யாழினி கேட்டாள். "அம்மா, இந்த ட்ரெயின் கதைய ஏன் எங்கிட்ட சொன்னதே இல்ல?"

நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவள் அதைத் தமிழில் கேட்டதால், நான் ஒன்றும் சொல்லவில்லை.

5

அதன் பிறகு ஹெலன் எங்கே இருக்கிறாள் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அலமாரிகளுக்கு நடுவில் கலகலவென்று சத்தம் வரும். சிலது உடைந்தும் போனது. அம்மா வளையல் சத்தம் பிள்ளைக்குக் கேட்கும் என்று சொல்லிவைத்திருந்ததால், யாரும் இல்லாத நேரத்தில் அவள் வேண்டுமென்றே கையை ஆட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்தேன்.

திறப்பு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளுக்குப் பெண் பிறந்தது. போட்டோ வந்தது. குழந்தையின் போட்டோ என்று ஆசையாகத் திறந்தேன். நீலச் சட்டை போட்ட ஒரு அம்மாள், இரண்டு கையையும் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கை நிறையப் பச்சை, சிவப்பு வளையல். கீழே ஹெலன் எழுதியிருந்தாள்: 'மன்னித்துக்கொள். பேழைக்குத்தான் வைத்திருந்தேன். ஆனால் விடிய விடிய என் கையை விடாமல் பிடித்திருந்தார். வளையல் எங்கே போக வேண்டும் என்று நீதானே சொன்னாய். மருத்துவச்சியின் பெயர் டெனிஸ்.'

கழுத்தை நெரிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிடம், அவள் அதைச் செய்யாமல் இருந்திருந்தால்தான் எனக்குப் பிடித்திருக்காது என்று தெரிந்தது.

பேழையைப் பின்னல் குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்று யாழினியிடம் சொன்னேன். "வேணாம்மா. காலியாவே வை. நான் எழுதித் தரேன்," என்றாள். எழுதியும் தந்தாள். ஒரு ரயில் பெட்டியில் நடந்த வளைகாப்பு, ஒரு நூலகத்தில் நடந்த வளைகாப்பு, இரண்டு தடவையும் வளையல்கள் இங்கே வராமல் பிரசவம் பார்த்த கைக்குப் போனது, எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு அட்டையில்.

திறப்பு நாளன்று ஹெலன் குழந்தையோடு வந்து அந்த அட்டையைப் படித்தாள். விரலை வைத்து நிறுத்தினாள். "மருத்துவச்சி பெயர் இருக்கிறது. இங்கே வெறும் 'ஆயா' என்று இருக்கிறதே. பெயர் என்ன?"

எனக்குத் தெரியாது. என் பிள்ளையை முதலில் கையில் வாங்கிய பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது என்பது அதுவரை உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. விழாவைக் காட்டலாம் என்று அமுதாக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். ஷகிலாவும் பக்கத்தில் இருந்தாள்.

"இன்னாடி, கண்ணாடி பொட்டி காலியா கீது?" என்றாள் ஷகிலா.

"வளையல் மருத்துவச்சி கைக்குப் போயிடுச்சு."

"அப்ப கரெக்ட்டாதான் போயிகீது," என்றார் அமுதாக்கா. பிறகு, "உன்னுது எட்த்துகினா பாரு கன்னியம்மா, அவ மாரி."

"யாருக்கா கன்னியம்மா?"

"ஆஸ்பத்திரி ஆயாடி. அண்ணனூர்ல ஏறுவா. நீ லீவுல இருந்த, உனுக்கு எப்டி தெரியும்? உன் வளையல போட்டுகினு நம்ப பொட்டியிலதான் வந்துகினு இருந்தா. அல்லாருக்கும் கைய நீட்டி நீட்டி காட்டுவா. ஒடையிற வரிக்கும் கழட்டவே இல்ல."

யாழினி என் தோளுக்கு மேல் எட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்தாள். டெனிஸ் என்ற பெயருக்கு மேலே, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விட்ட பிறகு அவள் எழுதிய முதல் தமிழ்ச் சொல்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். கொஞ்சம் கோணல்தான். ஹெலன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அட்டையை உள்ளே வைத்து, விளக்கைப் போட்டு, சாவியைத் திருகினேன். சேகர் பின்னாலிருந்து, "ஒண்ணுமே இல்லாத பொட்டிக்குப் பூட்டு எதுக்கு புனிதா?" என்றார்.

"உள்ள கன்னியம்மா கீறா," என்றேன்.